துரைசானி படமும் ஆயாவின் பெயரும்

1

கோழிமுட்டையை நெடுக்குவாட்டில் அறுத்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அந்தப் படம். யானைத் தந்தத்தைக் காகிதம்போலச் சீவி, அதன்மேல் நீர்வண்ணத்தில் ஒரு பெண்ணின் முகம். மாவு தூவி நுரைபோல ஏற்றிக் கட்டிய தலைமயிர். கழுத்தைச் சுற்றி வெள்ளை மல்துணி. உதட்டில் சிரிப்பு வந்தும் வராததுமாக இருக்கும். சுற்றிலும் தங்கக் கம்பிச் சட்டம், மேலே ஒரு வளையம். கழுத்துச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டுக் கொள்ளலாம், மூடி போட்டுச் சட்டைப்பைக்குள்ளும் வைத்துக் கொள்ளலாம். கப்பலேறிப் போன புருஷனோ, சீமையில் இருக்கும் தகப்பனோ எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்ளச் செய்தது. சட்டத்தின் பின்பக்கத்தில் பல சமயம் அந்தப் பெண்ணின் தலைமயிரையே பின்னிக் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படிப்பட்ட சிற்றோவியங்களுக்குப் பேர்போனவர்களில் ஒருவர் ஜான் ஸ்மார்ட். அவர் 1785ல் சென்னைப் பட்டணத்துக்கு வந்தார். 1795 வரை பத்து வருஷம் இங்கேயே இருந்து கும்பெனி அதிகாரிகளையும் பட்டாளத்துத் துரைகளையும் அவர்கள் வீட்டுத் துரைசானிகளையும் வரைந்து தள்ளினார். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவும் அவர் பிள்ளைகளும்கூட அவருக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் வருஷத்தையும் பொடியாகப் போடுவது ஸ்மார்ட்டின் வழக்கம். சென்னையில் வரைந்த படங்களில் கூடவே ‘ஐ’ என்று ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். இந்தியா என்று அர்த்தம். அந்த ஒற்றை எழுத்துதான் இந்தப் படங்களில் நம் நாட்டுக்குக் கிடைத்த இடம்.

இன்றைக்கு அந்தப் படங்கள் லண்டனிலும் அமெரிக்காவிலும் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கன்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஸ்மார்ட்டின் படங்களை வருஷவாரியாகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். வரையப்பட்ட பெண்களில் சிலருக்குப் பெயர் தெரிகிறது. பலருக்கு ‘ஒரு சீமாட்டி’ என்பதுதான் விலாசம்.

திருத்தங்கல்காரனுக்கு இந்தத் துரைசானிகளோடு என்ன சோலி என்று கேட்கலாம். சோலி இருக்கிறது. படம் ஒட்டியே வயிறு கழுவுகிற பூமி இது. தீப்பெட்டி லேபிள், வெடி பாக்கெட், காலண்டர் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் பெண் முகத்தை அச்சடித்து அனுப்புகிறவர்கள் நாங்கள். யாருடைய முகம் படமாகிறது, யாருடைய கை படத்தை ஒட்டுகிறது என்ற கேள்வி எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. அந்தக் கேள்வியை அந்த முட்டையளவு தந்தத்தின் முன்னால் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் படம் எதன்மேல் எழுதப்பட்டது என்று பார்ப்போம். கலை வரலாறு எழுதுகிறவர்கள் முகத்திலிருந்து தொடங்குவார்கள். நாம் அடியிலிருந்து தொடங்குவோம். நமக்கு அதுதான் பழக்கம்.

தந்தம் இந்தக் கலைக்குப் பின்னால் வந்தது. 1700ஐ ஒட்டி வெனிஸ் நகரத்து ரோசால்பா கரியேரா என்ற பெண் ஓவியர்தான் தந்தத்தில் வரைவதைப் பரவச் செய்தார். அதற்கு முன் இருநூறு வருஷமாகச் சிற்றோவியம் எழுதப்பட்டது தோலில். கன்றுக்குட்டித் தோலை மயிர் நீக்கி, சுரண்டி, நீட்டிக் காயவைத்து, மெருகேற்றி, அதைச் சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டி அதன்மேல் வரைவார்கள். எலிசபெத் ராணிக்கு வரைந்த நிக்கோலஸ் ஹில்லியார்ட் அப்படித்தான் வரைந்தார். இந்தக் கலை பெரிய மனிதர்களுக்கே உரியது, கண்டவரும் கைவைக்கக் கூடாது என்று எழுதி வைத்தவரும் அதே ஹில்லியார்ட்தான்.

ராஜாவும் ராணியும் செத்த கன்றின் தோலை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். அதை முத்தமிட்டிருக்கிறார்கள். அங்கேயும் தோல் பதனிடுகிறவனை ஊருக்கு ஒதுக்குப்புறமாகத்தான் வைத்திருந்தார்கள், நாற்றம் என்று மூக்கைப் பிடித்தார்கள். ஆனால் அவன் பேரன் துணிக்கடை வைத்தால் அந்த நாற்றம் அவனோடு போகவில்லை. இங்கே? தோலைத் தொட்டவன் தீட்டு. தோலைத் தொடாத அவன் மகனும் தீட்டு. தோல் என்றால் என்னவென்றே தெரியாமல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் பேத்தியும் தீட்டு. தோல் ஒன்றுதான். தீட்டு தோலில் இல்லை, சொல்கிறவன் வாயில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தந்தம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து போனது. மனிதர்களைச் சங்கிலி போட்டு ஏற்றிய வியாபாரமும் தந்தம் ஏற்றிய வியாபாரமும் ஒரே கரையில் நடந்தவை. வெள்ளைக்காரிச் சருமத்தின் வெண்மையைக் காட்டத் தந்தம்தான் தோது என்று கண்டுபிடித்தார்கள். கன்னத்தில் வெள்ளைச் சாயம் பூச வேண்டியதில்லை. சாயத்தை மெல்லிசாகப் பூசி விட்டுவிட்டால் அடியிலிருந்து தந்தமே ஒளிவிடும். அப்படியானால் அந்தச் சிவந்த கன்னம் யாருடையது? பாதி அவளுடையது, பாதி கறுப்பன் சுமந்து வந்த யானைக்கொம்பினுடையது.

அடுத்து, துணி. 1780களில் ஐரோப்பாவின் சிங்காரம் பட்டிலிருந்து பருத்திக்கு மாறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தை வெள்ளை மல்துணி அங்கியில் விஜே லெ பிரன் 1783ல் வரைந்தபோது, ராணி உள்ளுடுப்போடு நிற்கிறாள் என்று பாரிசில் கூச்சல் கிளம்பிப் படத்தையே எடுக்க வேண்டி வந்தது. அதே வருஷம் அதே ஓவியர் வரைந்த இன்னொரு சிங்காரி மேடம் கிராண்ட். பிறந்தது நம்முடைய தரங்கம்பாடி. பின்னாளில், 1802ல், பிரான்சின் வெளிவிவகார மந்திரி தலேரானுக்குப் பெண்டாட்டி ஆனாள். இப்படிச் சோழமண்டலக் கரைக்கும் பாரிஸ் சிங்காரத்துக்கும் போக்குவரத்து இருந்தது. ஆனால் பேசப்படுவதெல்லாம் கப்பலில் போன சீமாட்டிகள் கதைதான். கப்பலில் போன துணியின் கதையைச் சொல்லுகிறவர் குறைவு.

டாக்காவிலிருந்து மெல்லிய மல், நம் கரையிலிருந்து சேலம்பூர், நீளத்துணி, சாயமிட்ட சீட்டித்துணி. இங்கிலாந்துக்காரன் இந்தச் சீட்டித்துணிக்குப் பயந்து 1701லும் 1721லும் சட்டம் போட்டுத் தடுத்தான். அவ்வளவு மோகம் அவன் பெண்டுகளுக்கு. நெசவென்றால் கைக்கோளரையும் தேவாங்கரையும் மட்டுமே சொல்லி முடித்துவிடுகிறார்கள். சென்னையைச் சுற்றிய செங்கல்பட்டுச் சீமையில் பறையர் நெசவாளர்கள் இருந்தார்கள், முரட்டுத்துணி நெய்தார்கள் என்பது கும்பெனிக் கணக்கிலேயே இருக்கிறது. கோலியர் என்ற பெயரே நெசவுத் தொழில் செய்த நம்மவர்களுடையது. துணிக்குச் சிவப்பு ஏற்றியது சாயவேர். மணற்காட்டில் குனிந்து அந்த வேரைத் தோண்டுவது, டச்சுக்காரன் ஆண்ட யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடைநிலைச் சாதிகள்மேல் சுமத்தப்பட்ட வேலை.

இதை இங்கே சொல்வது பெருமை பேசுவதற்கல்ல. சிங்காரம் என்று உலகம் சொல்லுவதன் அடியில் எத்தனை கை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத்தான்.

3

படத்துக்குக் கூலி எங்கிருந்து வந்தது?

ஸ்மார்ட் சென்னைக்கு வந்த 1785ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில்தான் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடனைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தார். கதை இதுதான். நவாபுக்கு ஆடம்பரத்துக்கும் பட்டாளத்துக்கும் பணம் வேண்டும். கும்பெனி உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். பால் பென்ஃபீல்டு அதில் பெரிய கை. ஈடாக நவாப் கிராமங்களின் தீர்வையை எழுதிக் கொடுத்தார். அப்புறம் வசூல். வசூலுக்கு வந்தவன் மிராசுதாரைப் பிடிப்பான், மிராசுதார் பண்ணையாளைப் பிழிவான். பண்ணையாளுக்குக் கீழே பிழிவதற்கு யாரும் இல்லை.

எங்கள் சீமையும் இதில் அடக்கம். திருத்தங்கல், சிவகாசி எல்லாம் அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமையில், நவாபின் வசூலுக்கு உட்பட்டு இருந்தவை. பாளையக்காரர் நவாபுக்குக் கிஸ்தி கட்ட மறுத்ததை வீர வரலாறாகப் பாட்டு கட்டிப் பாடுகிறோம். சரிதான். பாளையக்காரர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் விளைச்சலைக் களத்தில் கொட்டிவிட்டுக் கூலித் தானியத்துக்குக் கையேந்தி நின்றவனைப் பற்றிப் பாட்டு இல்லை.

1780ல் ஐதர் அலி படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன. அடுத்த இரண்டு வருஷம் பஞ்சம். சென்னைக்குள் சனம் செத்துச் செத்து விழுந்தபோது 1782ல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் பிற்பாடு மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. அந்தப் பக்கத்தில் எழுந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வடசென்னைக்காரர் ரொம்ப காலம் சொல்லி வந்தது இதனால்தான். கஞ்சித்தொட்டி தொடங்கி மூன்று வருஷத்தில் ஸ்மார்ட் வந்து இறங்கினார். துரைசானிகள் தலைக்கு மாவு தூவிக்கொண்டு அவர்முன் உட்கார்ந்தார்கள். அந்த மாவு கோதுமையிலிருந்தும் மற்றத் தானியத்திலிருந்தும் எடுத்த கஞ்சிமாவு. இங்கிலாந்திலேயே கோதுமைக்குத் தட்டுப்பாடும் யுத்தச் செலவும் வந்தபோது, ஸ்மார்ட் ஊர் திரும்பிய அதே 1795ல், தலைமாவுக்கு ஆளுக்கு வருஷம் ஒரு கினி வரி போட்டார்கள். வரி போட்டபிறகே மாவுத்தலை நாகரிகம் மெல்லச் செத்தது. சனத்தின் பசிக்கு இரங்கி எந்த நாகரிகமும் மாறியதாக நான் படித்ததில்லை. காசு போனால்தான் மாறும்.

4

இப்போது அந்த அறைக்குள் போவோம். ஓவியர் இருக்கிறார், துரைசானி இருக்கிறாள். விசிறி வீசுகிறவர் யார்? மாவு தூவிவிட்டது யார்? குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவள் யார்?

வெள்ளைக்காரன் வீட்டு வேலைக்கு, அதிலும் சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் குதிரை லாயத்துக்கும், சாதி இந்துக்கள் சேருவது அபூர்வம். மாட்டுக்கறி சமைக்கிற வீட்டில் தீட்டுப்படும். ஆகையால் சென்னையில் துரைமார் வீட்டு வேலைக்காரர்களில் பெரும்பகுதி பறையர் என்பதைப் பாதிரியார் துபுவா தொடங்கிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சென்னை வரைபடங்களில் கறுப்பர் பட்டணத்தை ஒட்டிப் ‘பெரிய பறச்சேரி’ என்றே ஒரு இடம் குறித்திருக்கிறது. அங்கிருந்து விடியலில் புறப்பட்டுக் கோட்டைக்கும் தோட்ட பங்களாக்களுக்கும் வேலைக்குப் போன சனம்தான் துரைசானியைத் தினம் தினம் சிங்காரித்தது. இவர்கள் கூலி கூடுதல் கேட்கிறார்கள் என்று துரைமார் புலம்பினார்கள். கூலியைப் பட்டியல் போட்டுக் கட்டுப்படுத்தக் கும்பெனி நிர்வாகம் பலமுறை முயன்றது. கூடுதல் கேட்டார்கள் என்பதை நாம் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஊமையாக இருந்த சனம் இல்லை.

சென்னைக் கோட்டையில் ஒரு கதை சொல்வார்கள். ராபர்ட் கிளைவ் தன் சிநேகிதன் மாஸ்கலின் அறையில் அவன் தங்கை மார்கரெட்டின் சிற்றோவியத்தைப் பார்த்தே காதல் கொண்டானாம். பெண் கப்பலேறி வந்தாள், 1753 பிப்ரவரி 18ந் தேதி கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி கோயிலில் கல்யாணம். கதை நிஜமோ கட்டியதோ, கல்யாணம் நிஜம். ஒரு படம் ஆறு மாதக் கடலைத் தாண்டி ஒரு பெண்ணை இன்னார் என்று நிலைநாட்டும் என்று அவர்கள் நம்பினார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். முகம் இருக்கிறவளுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை.

கிளைவின் உறவினர் ஜார்ஜ் கிளைவ் குடும்பத்தை ஜோஷுவா ரெய்னால்ட்ஸ் 1765-66ல் வரைந்த பெரிய படம் பெர்லினில் இருக்கிறது. துரை, துரைசானி, நடுவே இந்திய உடுப்புப் போட்ட சிறு பெண். அந்தக் குழந்தையைப் பிடித்தபடி முட்டிபோட்டு ஒரு இந்திய ஆயா. கறுத்த முகம், குனிந்த பார்வை. குடும்பத்துக்குப் பெயர் இருக்கிறது. ஆயாவுக்கு இல்லை. ‘இந்திய வேலைக்காரி’. அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக ஒரே ஒரு படம் எனக்குத் தெரியும். 1792ல் வில்லியம் வுட் என்பவர் லண்டனில் வரைந்தது. வுட்டும் தந்தத்தில் சிற்றோவியம் எழுதிப் பிழைத்தவர்தான். இது எண்ணெய்ச் சாயத்தில், பெரிதாக. கறுத்த பெண், வெள்ளை முக்காடு, கழுத்திலும் காதிலும் நகை, நேரே நம்மைப் பார்க்கிறாள். படத்தின் மேலேயே அவள் பெயரை எழுதியிருக்கிறார்: ஜோவானா டி சில்வா. வங்காளத்தைச் சேர்ந்தவள் என்றும், லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் டியர் பிள்ளைகளை வளர்த்த விசுவாசமான தாதி என்றும் அங்கேயே குறிப்பு இருக்கிறது. 2020ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இதை வாங்கியது.

நன்றாகப் பாருங்கள். எத்தனையோ துரைசானிகள் பெயர் போய் ‘ஒரு சீமாட்டி’ ஆகிவிட்டார்கள். ஒரு ஆயா பெயரோடு நிற்கிறாள். சந்தோஷப்படலாம். ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது? ‘விசுவாசம்’ என்ற சொல்லோடு கட்டுப்போட்டு வந்தது. இன்னார் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள் என்பதால் வந்தது. அவள் பெற்ற பிள்ளை இருந்ததா, அதை யார் வளர்த்தார்கள் என்பதற்குப் படத்தில் இடமில்லை. பெயர் கொடுப்பதிலும் அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் வந்த நூற்றாண்டில் இப்படிக் கப்பலில் கூட்டிப்போன ஆயாக்களைக் காரியம் முடிந்ததும் லண்டன் தெருவில் விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கென்றே விடுதி வைக்க வேண்டி வந்தது. கிழக்கு லண்டனில் ஹாக்னி பகுதியில் அந்த விடுதி இருந்த கட்டடத்தில் 2022ல் நினைவுத் தகடு பதித்தார்கள்.

துரை வீட்டு வேலைக்காரன் என்றால் எச்சில் தட்டு கழுவியவன் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அயோத்திதாசப் பண்டிதர் தம் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்ததையும், வீட்டில் காத்து வைத்திருந்த திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் அவர் கொடுத்து அச்சேற வழி செய்ததையும் எழுதியிருக்கிறார். பட்லர் உடுப்புக்குள் ஏடு படிக்கிற ஆள் இருந்தார். அந்த உடுப்பில் அவரை யாரும் படம் எழுதி வைக்கவில்லை. பேரன் எழுதினார். அதனால் நமக்குத் தெரிகிறது.

5

‘நம்ம ஆட்களையும் வெள்ளைக்காரன் வரைஞ்சிருக்கானே’ என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், வரையச் சொல்லி வாங்கியிருக்கிறான். அதே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருந்த முச்சியர் என்ற ஓவியர்களைக்கொண்டு துரைமார் தயாரித்த படத்தொகுப்புகள் நிறைய. கும்பெனிப் படங்கள் என்று இன்றைக்குப் பேர். ஒரு தாளில் ஒரு ஆண், ஒரு பெண். பார்ப்பான் பார்ப்பாத்தி, செட்டி செட்டிச்சி, குயவன் குயத்தி, பறையன் பறைச்சி, செருப்புத் தைக்கிற சக்கிலியன் அவன் பெண்சாதி. கையில் தொழிற்கருவி. கீழே சாதிப் பெயர்.

ஸ்மார்ட் வரைந்த துரைசானியையும் இந்தப் ‘பறைச்சி’ படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துரைசானியின் முகம் வேறு யாருக்கும் வராது. மூக்கின் வளைவு, கண்ணுக்குக் கீழே லேசான சுருக்கம், எல்லாம் அவளுக்கே உரியது. சாதிப் படத்தில் எல்லாப் பெண்ணுக்கும் ஒரே மூக்கு, ஒரே கண். கருவியையும் சேலைக்கட்டையும் மாற்றிவிட்டால் இவள் அவளாகிவிடுவாள். அங்கே ஆளுக்கு முகம் கொடுத்தார்கள், இங்கே சாதிக்கு முகமூடி செய்தார்கள். பெயர் தொலைந்த துரைசானிக்கும் ஆளடையாளம் மிச்சமிருக்கிறது. பெயரே எழுதப்படாத பறைச்சிக்குச் சாதி மட்டும் மிச்சமிருக்கிறது. இந்தப் படங்களிலிருந்து மக்கள்தொகைக் கணக்கும் சாதிகள் பற்றிய தடித்தடிப் புத்தகங்களும் அதிக தூரத்தில் இல்லை.

வெள்ளைக்காரன்தான் சாதியை உண்டாக்கினான் என்று சிலர் இதை வைத்து வாதம் செய்யக் கிளம்புவார்கள். அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. தூரிகை பிடித்தவர்கள் நம்மூர்க்காரர்கள். யார் எதை உடுத்துவது என்ற அளவுகோல் துரை வருமுன்பே ஊரில் இருந்தது. துரை அதைத் தாளில் ஏற்றி ஆல்பம் ஆக்கினான். குற்றத்தில் பங்கு இருவருக்கும் உண்டு.

6

அந்த அளவுகோலுக்கு எங்கள் ஊரிலேயே பழைய கதை ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில், மதுரையின் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை. தங்கால் என்ற இந்தத் திருத்தங்கலில் வார்த்திகன் என்ற பார்ப்பான். அவன் சின்னப் பையன் வேதம் ஓதியதைக் கேட்டு மகிழ்ந்து பராசரன் என்பவன் நகைகளைப் பரிசாகக் கொடுக்கிறான். பையன் உடம்பில் திடீரென்று நகையைப் பார்த்த அதிகாரிகள், புதையல் எடுத்துவிட்டான் என்று தகப்பனைச் சிறையில் போடுகிறார்கள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விஷயம் தெரிந்து, மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே எழுதிக் கொடுக்கிறான்.

எங்கள் ஊர்க் கோயில் பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கதையை விரும்பிச் சொல்வார்கள். நான் வேறு மாதிரி கேட்கிறேன். நகை இருக்கக்கூடாத உடம்பில் நகை இருந்தால் திருடன் என்ற முடிவு அன்றைக்கே இருந்திருக்கிறது. பார்ப்பானுக்கு அநியாயம் நடந்தால் கோயில் கதவு மூடும், ராஜா காலில் விழுவான், இரண்டு ஊர் கிடைக்கும். அவ்வூர்களில் உழுதுகொண்டிருந்தவர்கள்? அவர்களும் ஊரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்கள் பெண்டுகள் கழுத்தில் குன்றிமணி தங்கம் இருந்திருந்தால் எந்தக் கதவு மூடியிருக்கும்?

இது வெறும் ஊகமில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்மீது கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளை ஜே. எச். ஹட்டன் தம்முடைய சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் ஆகாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கவோ மஞ்சள் பூசவோ கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்கள் குடிசைகள் எரிந்தன, தானியம் நாசமானது, ஆடுமாடு கொள்ளை போனது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. அன்றைக்குத் திருத்தங்கலும் ராமநாதபுரம் ஜில்லாதான்.

அந்த எட்டையும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். நகை, மேலாடை, தலைமயிர், பூ, பூச்சு, குடை. 1785ல் துரைசானி படத்தில் எதையெல்லாம் ஓவியர் பார்த்துப் பார்த்து எழுதினாரோ, அதே சாமான்கள். அவளுக்கு அது சிங்காரம். நமக்கு அது குற்றம்.

அதனால்தான் சிங்காரம் என்பது நமக்குச் சின்ன விஷயமல்ல. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சேலைக்காக 1820களிலிருந்து அடிபட்டு மிதிபட்டு, 1859ல் அரசு அறிவிப்பு வரும்வரை போராடினார்கள். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர், சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதத்தில் சேலை கட்டாதீர்கள், அடையாளத்துக்கென்று பூட்டிய கனத்த வெள்ளிக் காப்பு, மாலைகளைக் கழற்றி எறியுங்கள் என்றார். கூட்டத்திலேயே பெண்கள் சேலைக்கட்டை மாற்றிக் கட்டினார்கள். ‘சாப்பாட்டுக்கே வழியில்லை, உடுப்பு என்ன கேடு’ என்று புரட்சி பேசுகிற தோழர்கள் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். சாப்பாடு மறுத்தவனேதான் உடுப்பையும் மறுத்தான் என்பது அவர்களுக்கு உறைக்க வேண்டும்.

எங்கள் அப்பத்தா சொல்லும்: “நாங்க ரவிக்கை போடாம இருந்தோம்னு சொல்லாதலே. போட விடாம வச்சிருந்தாகன்னு சொல்லு.” வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்தைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். முதல் ரவிக்கை போட்டுக்கொண்டு கமலைக்கிணத்து வழியாகப் போனபோது மண்ணாங்கட்டி எறிந்தார்களாம். “எறிஞ்சா எறியட்டும், ரவிக்கையில அழுக்குதான படும், கழுவிக்கிடலாம்” என்று போனதாம். அப்பத்தாவுக்கு இருந்த ஒரே படம் ரேஷன் கார்டுக்காக எடுத்தது. எல்லோரையும் வரிசையாகப் பெஞ்சில் உட்காரவைத்து எடுத்த குடும்பப் படம். அதற்கு அந்தக் கிழவி பக்கத்து வீட்டில் பாம்படம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. சர்க்காருக்கு எண்ணிக்கை தேவைப்பட்டது. அப்பத்தாவுக்கு முகம் தேவைப்பட்டது.

7

1920களில் சிவகாசிக்காரர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைப் படித்து வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வந்தது. வெடி ஆபீஸ் வந்ததும் அச்சகம் பெருத்தது. இப்படித்தான் இந்தக் கந்தக பூமி படம் அச்சடிக்கும் ஊர் ஆயிற்று. தீப்பெட்டி லேபிளும் ஒரு சிற்றோவியம்தான். உள்ளங்கைக்குள் அடங்கும், சட்டைப்பையில் போகும். பூ வைத்த பெண், ராணி, கிளி, சாமி. சரவெடி பாக்கெட்டில் சினிமா நடிகை. லட்சுமி வெடியில் லட்சுமி.

ஒட்டுகிறவர்கள் யார்? வானம்பார்த்த பூமியில் விவசாயக் கூலி செத்ததும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வெடி ஆபீசுக்கும் போன சனத்தில் பள்ளர், பறையர், அருந்ததியர் பெண்கள் ஏராளம். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, சரம் பின்ன. பிள்ளைகளும் போனார்கள். விடியுமுன்பே ஊருக்குள் வரும் பஸ்சில் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றி அனுப்பிய காலத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 1991 ஜூலையில் மீனம்பட்டியில் வெடித்தபோது 39 பேர் செத்தார்கள். பிள்ளைத் தொழிலாளர் பற்றி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் பின்னால் அந்தச் சாவுகளும் உண்டு. 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

விபத்து நடந்த மறுநாள் எங்கள் பக்கத்துச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவார்கள். அச்சடிக்கிற ஊர் அல்லவா, ராத்திரியோடு ராத்திரியாக அடித்துவிடுவார்கள். உயிரோடு இருந்தபோது அடுத்தவள் முகத்தை ஆயிரம் ஆயிரமாக ஒட்டினவளுக்குத் தன் முகம் அச்சில் ஏறுவது செத்த பிறகு. அதற்கும் படம் கிடைக்காமல் வீடு வீடாகத் தேடி, ஏதோ கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தோடு நின்ற ஒரு தலையை வெட்டி எடுத்துப் பெரிசு பண்ணுவார்கள். கழுத்துக்குக் கீழே வேறொருத்தி தோள் தெரியும்.

இன்றைக்கு ஆள் ஆளுக்குக் கையில் செல்போன் இருக்கிறது. பேத்திகள் பொட்டு வைத்து, பூ வைத்து, கண்ணாடி போட்டுத் தங்கள் முகத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து ‘இதுகளுக்கு வந்த சிங்காரத்தைப் பாரு’ என்று முணுமுணுக்கிறவனுக்கு 1930ந் தடைப்பட்டியல் இன்னும் மறக்கவில்லை என்று பொருள். புல்லட் ஓட்டினால், கூலிங்கிளாஸ் போட்டால், மீசை முறுக்கினால் அடிக்கிறான் என்ற செய்தி இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறது.

ஜான் ஸ்மார்ட்டின் துரைசானிக்கு இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்தும் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு விளக்கு, காவலுக்கு ஒரு ஆள் இருக்கிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் அவளைத் தேடிக்கொண்டு ஆராய்ச்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொறுமையில் கால்வாசி நம் பெண்கள்மேல் நமக்கு இருக்க வேண்டும். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் தெருவில் டிரங்குப் பெட்டி அடியில், சாமிபடத்துக்குப் பின்னால், பழைய ரேஷன் கார்டில் கிடக்கும் படங்களை எடுங்கள். கறையான் அரிக்கும் முன்னே எடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: இது யார், எந்த வருஷம், அந்தச் சேலை யாருடையது, அந்தச் சங்கிலி இரவலா சொந்தமா, அதைப் போட்டதற்கு யார் என்ன சொன்னார்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுதுங்கள். பெயரை முழுசாக எழுதுங்கள். இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்று எழுதி விட்டுவிடாதீர்கள். அவள் பெயரை எழுதுங்கள்.